பனிச் சாய்வில் நிறுத்திய லாரி

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மலைப்பாதையில் ஏறுவது கடினம், இறங்குவது அதனினும் கடினம் என்பார்கள். நிற்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிறுத்திய வண்டியில் என்ன இருக்கிறது? எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் போகவேண்டியதுதானே? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற தீபாவளி விடுமுறையில் என் பெரியப்பாவுடன் நடந்த ஒரு வாக்குவாதம் அந்த எண்ணத்தைக் கலைத்தது. முதலாண்டில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோன சாய்தளக் கணக்கு மீண்டும் என் முன்னே வந்து நின்றது. அதைப்பற்றியே இக்கட்டுரை.

பெரியப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது புதுமையன்று. அவருடைய பணிக்காலத்தில் சில ஆண்டுகள் லடாக்கில் கழிந்தன. ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலை சோஜிலா என்னும் கணவாயை 3,528 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. லே நகருக்கு வடக்கே கார்துங்லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை இங்கு நினைத்துக்கொண்டால் அந்த உயரம் ஒருவாறு விளங்கும். நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பது. அங்கே பனி என்பது வானிலிருந்து விழும் வெண்பனி. அது பகல் வெயிலில் உருகிச் சாலையின் குறுக்கே ஓடி இரவில் கண்ணாடிபோல் உறைந்து கிடப்பது பனிக்கட்டி. இந்த இரண்டாவதுதான் ஓட்டுநருக்கு எமன். நன்கு உறைந்த மெல்லிய படலம் நிறமற்றது. அதனடியில் உள்ள கருந்தார் அப்படியே தெரியும். நனைந்த சாலை என்று எண்ணி வண்டியை விட்டவர்கள் பலர்.

இத்தகைய சாலைகளுக்கென்றே நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் லாரிகள் இருக்கின்றன. ஜபல்பூரில் 1959 முதல் செய்யப்பட்ட சக்திமான் லாரியைப் பட்டாளத்தில் இருந்த முதியவர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்வர். பின்னர் வந்த ஸ்டாலியன் லாரி நம் சென்னை அசோக் லேலண்ட் நிறுவனத்தின் வடிவமைப்பு. சாதாரண லாரியில் எஞ்சின் சுழற்றுவது பின்சக்கரங்களை மட்டுமே. முன்சக்கரங்கள் சும்மா உருள்வன, திசை திருப்புவன, அவ்வளவே. நான்கு சக்கர விசை கொண்ட லாரியில், கியர்ப்பெட்டிக்கு அடுத்து ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்னும் இன்னொரு பெட்டி இருக்கும். அதன் லீவரைத் தள்ளினால் முன் அச்சும் சேர்ந்து சுழலத் தொடங்கும், வேண்டாதபோது விலக்கிவிடலாம். உலர்ந்த கெட்டிச் சாலையில் விலக்கிவிட வேண்டும் என்பது பழைய வண்டிகளில் கட்டாயம். இல்லாவிட்டால் வளைவுகளில் முன்னும் பின்னும் உள்ள தண்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு பற்சக்கரங்கள் கெடும். ஆகவே, ஏற்றம் முடிந்ததும் அந்த லீவரை விலக்குவது ஓட்டுநரின் கைக்கு ஊறிப்போன பழக்கம். இந்தப் பழக்கத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பெரியப்பா சொன்னது

ஒரு குளிர்கால நாள், பிற்பகல். காவல் நிலை ஒன்றின் பண்டகசாலைக்கு மாவு மூட்டைகளும் மண்ணெண்ணெய் டின்களும் ஏற்றிச் சென்றிருக்கிறார். பண்டகசாலைக்கு முன்னால் சிறிய ஏற்றம். பார்த்தால் ஏற்றம் என்றே தோன்றாதாம். நான்கு சக்கர விசையில் ஏறி, வண்டியின் முகம் மேட்டை நோக்கியும் பின்புறம் பள்ளத்தை நோக்கியும் இருக்கும்படி நிறுத்தினார். வழக்கம்போல் அந்த லீவரை விலக்கினார். முதல் கியரில் போட்டு எஞ்சினை அணைத்தார், கைப்பிரேக்கை இழுத்தார், துணை ஓட்டுநரை விட்டுப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைக்கச் சொன்னார். வண்டி அசையாமல் நின்றது. முக்கால் மணி நேரம் நின்றது.

மூட்டைகளைப் பின்பக்கமாக இறக்கினார்கள். பெரும்பாலானவை இறங்கிவிட்டன, மேலே ஏழெட்டு மூட்டைகளே பாக்கி. அப்போது வண்டி நகர்ந்தது. “சத்தமே இல்லடா. சக்கரம் சுத்தல. சுத்தினா தெரியும். அப்படியே பலகை மாதிரி வழுக்கிட்டு வந்துச்சு. வெச்ச கல்லும் கூடவே வந்துச்சு” என்றார் பெரியப்பா. பத்தடி தூரம் வந்து, ஓரத்தில் குவித்துவைத்திருந்த பனிச்சுவரில் மோதி நின்றது. கீழே தோளில் மூட்டை வாங்க நின்ற துணை ஓட்டுநரின் கால் இடையில் அகப்பட்டுக்கொண்டது. உயிர் பிழைத்தார், ஆனால் பழையபடி நடக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டுப் பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னார்: “சுமை இருந்த வரைக்கும் நின்னுச்சு. சுமையை இறக்கினதும் ஓடிடுச்சு.”

நான் உடனே மறுத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கொஞ்சம் கர்வம் இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். “அப்படி இருக்க முடியாது பெரியப்பா. சாய்தளத்துல ஒரு பொருள் சறுக்குமா சறுக்காதாங்கிறதுக்கும் அதோட எடைக்கும் சம்பந்தமே இல்ல. எடை கூடினா கீழே இழுக்கிற விசையும் கூடும், பிடிக்கிற உராய்வும் அதே அளவு கூடும். கணக்குல ரெண்டும் அடிபட்டுப் போயிடும். நீங்க வேற ஏதாவது கவனிக்காம விட்டிருப்பீங்க” என்றேன். திண்ணையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். பெரியப்பா மட்டும், “நீ படிச்சவன் கண்ணு. ஆனா நான் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சூத்திரத்தில் இல்லாத சக்கரம்

நான் சொன்ன சூத்திரம் தவறானதன்று. சாய்தளத்தில் உள்ள பொருளைக் கீழே இழுப்பது எடையின் ஒரு கூறு. அதைத் தடுப்பது உராய்வு. உராய்வின் உச்ச அளவு, தளத்துக்குச் செங்குத்தாக அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் கிடைக்கும். சாய்வை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கோணத்தில் பொருள் நழுவும். அதுவே சறுக்குக் கோணம். அக்கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு உராய்வுக் குணகத்துக்குச் சமம். சமன்பாட்டில் நிறை எங்கும் இல்லை.

உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பர் டயரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7. இறுகிய வெண்பனியில் 0.2 முதல் 0.3 வரை. பனிக்கட்டியில் ஏறத்தாழ 0.1. அதாவது 10 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் சாய்வில் பனிக்கட்டி மேல் நிற்கும் வண்டி விளிம்பில் நிற்கிறது. 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் மலைச்சாலையின் சாய்வு பொதுவாக 20-க்கு 1 என்ற அளவுக்குள் இருக்கவேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறி. தவிர்க்க இயலாத இடங்களில் சற்றுக் கூடலாம். எனவே 20-க்கு 1 சாய்வில், 10-க்கு 1 வரை தாங்கக்கூடிய பனிக்கட்டியில், லாரி தாராளமாக நிற்க வேண்டும். சுமை இருந்தாலும் நிற்க வேண்டும், இறக்கினாலும் நிற்க வேண்டும். ஆனால் பெரியப்பாவின் லாரி நிற்கவில்லை.

இரண்டு வாரம் இதே நினைவாக இருந்தேன். கடைசியில் எங்கள் துறை விரிவுரையாளரிடம் போய்க் கேட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு விடை சொல்லவில்லை. “எத்தனை சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தது என்று உன் பெரியப்பாவைக் கேட்டாயா?” என்று மட்டும் திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் முடிச்சு இருந்தது. பாடப்புத்தகத்தில் சாய்தளத்தின் மேல் வைக்கப்படுவது ஒரு மரக்கட்டை. அதன் அடிப்பகுதி முழுவதும் தளத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. லாரி மரக்கட்டையன்று. கால்பிரேக்கை மிதித்திருக்கும்போது நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும். அப்போது அது மரக்கட்டைக்குச் சமம். காலை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கை நம்பி இறங்கினால்? பெரும்பாலான லாரிகளில் கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டுமே. இன்றைய காற்றுப் பிரேக் லாரிகளிலும், காற்று வெளியேறியதும் வலுவான சுருள்வில் அழுத்துவது பொதுவாகப் பின் அச்சின் பிரேக்கைத்தான். முதல் கியரில் போட்டாரே என்றால், லீவர் விலக்கப்பட்டபின் கியர் போய்ச் சேருவதும் அதே பின்சக்கரங்களுக்குத்தான். ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு. இன்னொரு கதவோ திறந்தே கிடக்கிறது. முன்சக்கரங்கள் இரண்டும் உருளத் தயாராக இருந்தன. அவை தாங்கிய எடை கீழே இழுப்பதற்கு உதவியதேயன்றி, பிடிப்பதற்குச் சிறிதும் உதவவில்லை.

இனிக் கணக்கு. எளிமைக்காகச் சில முழு எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். சுமையோடு லாரியின் எடை 10 டன். அதில் பின்சக்கரங்கள் மேல் 6.5 டன், முன்சக்கரங்கள் மேல் 3.5 டன். சாய்வு 20-க்கு 1. கீழே இழுக்கும் விசை, 10 டன்னில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 500 கிலோ எடை. பின்சக்கரங்கள் தரக்கூடிய உராய்வு, 6.5 டன்னில் பத்தில் ஒரு பங்கு, 650 கிலோ எடை. பிடிப்பு வென்றது, லாரி நின்றது. சுமை முழுவதும் இறங்கிவிட்டால் வண்டி 5 டன். எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்பக்கம் இருப்பதால், காலி லாரியில் பாரம் முன்னே சாய்ந்திருக்கும். முன்னே 2.8 டன், பின்னே 2.2 டன் எனக் கொள்வோம். இழுக்கும் விசை 250. பிடிக்கும் விசை 220. லாரி நிற்காது.

எடை அடிபட்டுப் போகும் என்று நான் சொன்னது, எல்லாச் சக்கரங்களும் பிடித்திருந்தால்தான் பொருந்தும். இரண்டே சக்கரங்கள் பிடிக்கும்போது கணக்கில் நிற்பது மொத்த எடையன்று. அந்த எடையில் பிடிக்கும் சக்கரங்களுக்குக் கிடைக்கும் பங்கு. மூட்டைகள் பின்னே இருந்தவரை அந்தப் பங்கு நூற்றுக்கு 65. அவை போனபின் 44. மேலும் ஒன்று பார்த்தேன். சுமை சீராக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு, பிடிப்பும் இழுப்பும் சமமாகும் கட்டம் எது என்று கண்டால், ஆறில் ஐந்து பங்கு சுமை இறங்கிய கட்டம் வருகிறது. ‘ஏழெட்டு மூட்டைதான் பாக்கி’ என்று பெரியப்பா சொன்னதும் ஏறத்தாழ அதுவே! எண்கள் நானாக எடுத்துக்கொண்டவை என்பதால் இதைச் சான்றாகக் காட்ட மாட்டேன். ஆயினும் விடுதி அறையில் அன்றிரவு அந்த விடையைக் கண்டபோது மயிர்க்கூச்செறிந்தது உண்மை.

சமவெளியில் இது ஏன் யாருக்கும் தெரிவதில்லை என்றால், உலர்ந்த சாலையில் 0.7-இல் பாதிக்கும் குறைவாகப் போனாலும் 0.3 மிஞ்சுகிறது. எந்த நெடுஞ்சாலையும் அவ்வளவு செங்குத்தாக இருப்பதில்லை. குறை எப்போதும் இருக்கிறது. பனிக்கட்டிதான் அதை வெளியே காட்டுகிறது.

ஐயமுள்ள நண்பர்கள் நம் ஆய்வகத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பொம்மை லாரியின் பின்சக்கரங்களை நூலால் இறுகக் கட்டிவிடுங்கள்; முன்சக்கரங்கள் தாமாக உருளட்டும். முகம் மேட்டை நோக்கும்படி சாய்தளப் பலகையில் வைத்து, எடைக்கற்களைப் பின்புறம் ஏற்றிப் பலகையை மெல்ல உயர்த்துங்கள். நழுவும் கோணத்தைக் குறித்துக்கொண்டு, எடைக்கற்களை எடுத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். பிறகு நான்கு சக்கரங்களையும் கட்டிவிட்டு இரண்டு விதமாகவும் செய்யுங்கள். நான் என் தம்பியின் பொம்மையைக் கொண்டு செய்தேன். நான்கையும் கட்டியபோது எடைக்கற்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோணம் ஏறக்குறைய மாறவில்லை. இரண்டை மட்டும் கட்டியபோது, எடைக்கற்களை எடுத்ததும் முன்பைவிடக் குறைந்த கோணத்திலேயே நழுவியது.

லீவரை விலக்காமல் இருந்திருந்தால்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நோட்டுப் புத்தகத்தையும் பொம்மையையும் எடுத்துப் போனேன். “நீங்க சொன்னதுதான் சரி பெரியப்பா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்று தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்ப அந்த லீவரை நான் எடுக்காம விட்டிருந்தா வண்டி நின்னிருக்குமா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். லீவர் விலக்கப்படாமல் இருந்தால் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பின்னே பிடித்த கைப்பிரேக்கும், முதல் கியரும் அதன் வழியாக முன்சக்கரங்களையும் பிடிக்கும். காலி வண்டியின் 5 டன்னும் பிடிப்புக்கு வரும். பத்தில் ஒரு பங்கு 500. இழுப்பது 250. கணக்கின்படி நின்றிருக்கும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. “பனிக்கட்டி அன்னிக்கு எப்படி இருந்துச்சுங்கிறதைப் பொறுத்தது” என்றேன். தப்பித்துக்கொள்ளச் சொன்ன பதில்தான். ஆனால் கல்லூரிக்குத் திரும்பிப் படித்தபோது அதிலும் உண்மை இருப்பதைக் கண்டேன்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும்; ஆகவே அழுத்தத்தால் உருகி வழுக்குகிறது என்று பல நூல்களில் காண்கிறோம். இங்கே அது பொருந்தாது. உருகுநிலை ஒரு பாகை குறைய ஏறத்தாழ 130 வளிமண்டல அழுத்தம் வேண்டும். லாரி டயர் தரையை அழுத்துவது டயரினுள் உள்ள காற்றழுத்தத்தின் அளவுக்கே, சுமார் 6 அல்லது 7 வளிமண்டலம். அதனால் உருகுநிலை இருபதில் ஒரு பாகைதான் குறையும். சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகையில் கிடக்கும் பனிக்கட்டியை அது என்ன செய்துவிடும்? பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே நீர்போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்தார். மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பற்றிக்கொள்ள அண்டை மூலக்கூறுகள் இல்லாமையே அதற்குக் காரணம் என்று இன்று அறிகிறோம். சறுக்கத் தொடங்கிய பொருளுக்கோ இன்னொரு துணையும் கிடைக்கிறது. உராய்வில் எழும் வெப்பமே பனிக்கட்டியை உருக்கி வழுக்கலைக் கூட்டும் என்பதை பௌடன், ஹியூஸ் என்னும் இருவர் 1939-இல் ஆல்ப்ஸ் மலையின் யுங்ஃபிராயோக்கில் சோதித்துக் காட்டினர். அசைந்த லாரி தானே நிற்காமல் போவதற்கு இதுவும் காரணம்.

மேற்பரப்புப் படலம், வெப்பநிலை சுழியத்தை நெருங்க நெருங்கத் தடிக்கிறது. கடுங்குளிரில் பனிக்கட்டி ஓரளவு பிடிக்கும். உருகும் தறுவாயில் உராய்வுக் குணகம் 0.05 வரைகூட இறங்கிவிடும். அதிகாலையில் அசையாமல் நிற்கும் வண்டி, வெயில் ஏறியபின் நழுவுவது இதனால்தான். வண்டியே கொண்டுவரும் வெப்பமும் உண்டு. நெடுந்தூரம் ஓடிய டயர் நெளிந்து நெளிந்து சூடாகியிருக்கும். நின்றவுடன் தன்னடியில் உள்ள பனிக்கட்டியைச் சற்று உருக்கும். ஆகவே ‘நிறுத்தினேன், நின்றது’ என்பதை முதல் சில நிமிடங்களுக்கு நம்பக்கூடாது. பெரியப்பா நிறுத்தியது பிற்பகலில், வெயில் படும் சாய்வில். குணகம் 0.05 ஆகியிருந்தால், நான்கு சக்கரங்களும் பிடித்திருந்தாலும் காலி வண்டியின் பிடிப்பு 250, இழுப்பும் 250. நின்றிருக்கும் என்றும் சொல்ல முடியாது, நின்றிருக்காது என்றும் சொல்ல முடியாது.

பிடிக்காத ஒரு சக்கரம்

நான்கு சக்கரத்தையும் பூட்டிவிட்டால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. இடையில் டிஃபரன்ஷியல் என்று ஒன்று இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகம் சுழல வேண்டும். அதற்காக ஒவ்வோர் அச்சின் நடுவிலும் வைக்கப்பட்ட பற்சக்கரத் தொகுதி அது. அதற்கு வரும் தண்டு பூட்டப்பட்டிருந்தாலும், ஒரு சக்கரம் முன்னோக்கிச் சுழன்றால் எதிர்ச்சக்கரம் பின்னோக்கிச் சுழல அது இடங்கொடுக்கும். இதனால் நேர்வது வேடிக்கையானது. முன் அச்சின் ஒரு சக்கரம் உலர்ந்த சரளையிலும் மற்றொன்று பனிக்கட்டியிலும் நிற்கிறது என்க. சரளையில் நிற்பது கெட்டியாகப் பிடிக்கும் என்று தோன்றும். ஆனால் பனிக்கட்டியில் உள்ள சக்கரம் எதிர்த்திசையில் வழுக்கிச் சுழன்றால், சரளையில் உள்ளது உருண்டுவிடும். அந்த அச்சின் பிடிப்பு, வழுக்கும் சக்கரத்தின் பிடிப்பைப்போல் இருமடங்கே. சரளை இருந்தும் பயனில்லை. தண்டைப் பிடிக்கும் பிரேக் உள்ள ஜீப் வகைகளில், சாய்வில் நிறுத்தி ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கியதும் வண்டி உருண்டுவிடுவது இந்தக் காரணத்தால்தான். சக்கரத்துக்குச் சக்கரம் டிரம்மில் பிடிக்கும் கைப்பிரேக்குக்கு இந்தக் குறை கிடையாது. எனவே கைப்பிரேக்கா கியரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தவறு. பின்சக்கரங்களுக்குக் கைப்பிரேக், முன்சக்கரங்களுக்கு விலக்காத லீவர், எல்லாவற்றுக்கும் துணையாகக் கியர் என மூன்றும் வேண்டும். சில வண்டிகளில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலே மூன்றாவது டிஃபரன்ஷியல் உண்டு. அதையும் பூட்ட வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தவறுதலாக நடுநிலையில் விட்டுவிட்டால் கியர் போட்டதே வீண். அது சக்கரத்தைச் சென்று சேராது.

கைப்பிரேக்குக்கும் குளிரில் ஒரு தொல்லை இருக்கிறது. நீரோடைகளைக் கடந்து வந்த வண்டியின் பிரேக் கட்டை ஈரமாக இருக்கும். இரவில் அது டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொண்டால், காலையில் விடுவிக்க முடியாது. நிறுத்துவதற்குச் சற்று முன்பே பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்தி ஓட்டினால், அந்தச் சூட்டில் ஈரம் காயும்.

எந்தப் பக்கம் முகம் வைத்து நிறுத்துவது என்பதைப் பற்றிப் பலர் வற்புறுத்திச் சொல்வார்கள். மேடு நோக்கி நிறுத்தினால் பாரம் பின்சக்கரத்துக்கு மாறிப் பிடிப்புக் கூடும் என்பது அவர்கள் வாதம். கணக்கிட்டுப் பார்த்தேன். 20-க்கு 1 சாய்வில் அப்படி மாறும் பாரம் மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வேறொரு காரணத்துக்காக மேடு நோக்கி நிறுத்துவது மேல். பின்சக்கரங்கள் மட்டும் பூட்டிய வண்டி பள்ளம் நோக்கி நின்று வழுக்கினால், பின்புறம் பக்கவாட்டில் வீசிச் சுழலும். மேடு நோக்கி நின்று வழுக்கினால் ஏறத்தாழ நேராக வரும். ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பாதாளமுமாக உள்ள சாலையில் இது சிறிய வேறுபாடன்று.

கல் வைப்பது

அன்று வைத்த கல் ஏன் வண்டியோடு வந்தது என்பது இப்போது எளிதாக விளங்கும். கல்லும் நின்றது அதே பனிக்கட்டியில்தான்! சக்கரம் உருண்டால் கல்லின் மேல் ஏற வேண்டும்; அதைத்தான் கல் தடுக்கும். சக்கரம் உருளாமல் வழுக்கினால் கல்லைத் தள்ளிக்கொண்டு வரும். அதன்பின் பெரியப்பா வண்டியில் எப்போதும் ஒரு கடப்பாரையும், இரண்டு மூட்டை மணலும், ஒரு பக்கம் ஆப்புப்போல் சீவிய நான்கு மரக்கட்டைகளும் வைத்திருந்தாராம். சக்கரத்துக்குக் கீழ்ப்புறம் பனிக்கட்டியைத் தரை தெரியுமளவு கொத்திப் பள்ளமாக்கி, அதில் மணலைத் தூவி, அதன்மேல் கட்டையைப் பதித்து, சக்கரம் அதில் மெல்லச் சாய்ந்து அமரும்வரை வண்டியை விரற்கடை அளவு பின்னே விடுவார். அப்போது வண்டியைத் தாங்குவது பனிக்கட்டியின் உராய்வன்று. கட்டை முட்டிக்கொண்டிருக்கும் கெட்டித் தரை. வெயில் ஏறினாலும், சுமை இறங்கினாலும் அது மாறாது. முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் பேச்சில் எப்போதும் குறையாகவே வழங்குகிறோம். அதைக் கண்டுபிடித்தவன் ஒரு வண்டிக்காரனாகத்தான் இருப்பான், அவன் அப்படி நினைத்திருக்க மாட்டான்.

வேறு வழியிருந்தால் சாய்வில் நிறுத்தாமல், அரை மைல் தள்ளியாவது சமதரைக்குப் போய்விடுவதையே பெரியப்பா விரும்பினார். முடியாத இடத்தில் மட்டும் இவ்வளவும். நிழலில் உள்ள பனிக்கட்டியைவிட வெண்பனியோ சரளையோ உள்ள இடத்தைத் தேடுவது, சக்கரத்தில் சங்கிலி கட்டியிருந்தால் கழற்றாமல் விடுவது, காலால் மிதித்துப் பார்த்தே இறங்குவது என இன்னும் பல சொன்னார். நிறுத்தியபின் கால்பிரேக்கிலிருந்து காலைச் சட்டென எடுக்காமல், கட்டை வைத்தபின் மெல்ல மெல்ல விடுவித்து, வண்டி எதன்மேல் அமர்கிறது என்று உடம்பால் உணர்ந்தபிறகே கதவைத் திறப்பாராம்.

நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, இன்னும் ஒன்று கேட்டேன்: “அதுக்கப்புறம் மூட்டை இறக்கும்போது என்ன பண்ணுவீங்க?”

“பின்னால ஒருத்தரையும் நிக்க விடமாட்டேன். பக்கப் பலகையைத் திறந்து விட்டுடுவேன். மலைப்பக்கமா நின்னு வாங்கிக்கச் சொல்வேன். நேரம் ஆகும். திட்டுவானுங்க. திட்டட்டும்” என்றார் பெரியப்பா.